நான் தொடாத சம்பள வாரம்

ஜூன் 3, செவ்வாய்

வரதராஜுலு சார் இன்று கூப்பிட்டு உட்கார வைத்தார். "குணா, ஒன்றரை மாசம் டைம். நம்ம கூடையையே வச்சுக்கறதா, வெளிய இருந்து வாங்கறதான்னு பார்த்து எழுதிக் குடுங்க. பார்த்ததை அன்னன்னிக்கே குறிச்சு வச்சிருங்க. கடைசில ஒட்டுமொத்தமா எழுதினீங்கன்னா வெறும் கோபமாத்தான் வரும்." என்னை நன்றாகத் தெரிந்த முதலாளி. அலுவலகக் குறிப்பைக் கணினியில் எழுதிவிட்டேன். அதில் எழுத முடியாததற்கு இந்த நோட்டு.

முறையாகவே தொடங்குகிறேன். கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. நூற்பு மில்களுக்கு மென்பொருள் செய்கிறோம். வருகைப் பதிவு, ஷிப்ட், சம்பளம், நூல் இருப்பு. எந்த மில்லுக்கும் பொதுவாகத் தேவைப்படும் நிரல்களைப் பதின்மூன்று வருடமாக நாங்களே எழுதி ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறோம். புது மில் வந்தால் அதிலிருந்து எடுத்துக் கோத்துக் கொடுப்போம். அதற்குக் கூடை என்று பெயர். 'நாங்களே' என்று எழுதிவிட்டேன். முக்கால்வாசி நான் எழுதியது.

இப்போது ராஜபாளையத்தில் ஏழு மில் வைத்திருக்கும் ஒரு குழுமம் எங்களிடம் வரப் பார்க்கிறது. அவர்களுடைய ஆடிட்டர் கேட்டாராம்: "இதை எழுதினவர் நாளைக்கு வரலைன்னா என்ன செய்வீங்க?" சார், "அவர் வராம இருந்ததே இல்லீங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆடிட்டருக்கு அது பெருமையாகப் படவில்லை. பெங்களூர்க் கம்பெனி ஒன்று விற்கும் ஆயத்த ஃப்ரேம்வொர்க்கை வாங்கி, எல்லாவற்றையும் அதன்மேல் மாற்றிக் கட்டலாமே என்றாராம்.

"கடையில மாவு வாங்கறதில்லையா குணா? வீட்டுல ஆட்டினாத்தான் இட்லியா?" என்று சார் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பியூலா மாற்றலாகிப் போனதிலிருந்து நான் பாக்கெட் மாவில்தான் காலம் தள்ளுகிறேன்.

பியூலா என் மனைவி. வங்கியில் மேலாளர். பதவி உயர்வு வந்து இரண்டு வருடத்துக்கு முன் தூத்துக்குடி போனாள். அது அவள் பிறந்த ஊர். மகள் ரூத்தும் அவளோடு. இப்போது பத்தாம் வகுப்பு. நான் மாதம் ஒருமுறை போய் வருகிறேன், முடிகிற மாதங்களில். அங்கிருந்தே வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சார் எப்போதோ சொல்லிவிட்டார். பியூலாவுக்கும் தெரியும். ஆனால் மில்காரர்கள் கூப்பிட்டால் போய் நிற்க இங்கே ஒரு ஆள் வேண்டும். கூடையில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள். அது நான் ஒருவன்தான், என்ன செய்வது.

ஜூன் 6, வெள்ளி

பெங்களூர்க் கம்பெனியிலிருந்து ஹர்ஷா என்ற பையன் வந்து சரக்கைக் காட்டினான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எல்லாம் வட்ட வட்டமாக, பச்சையும் நீலமுமாக. உடைந்த தமிழில் மரியாதையாகப் பேசினான். எனக்குப் பிடித்துவிடக் கூடாது என்று கவனமாக இருந்தேன்.

ஒரு மில்லின் சனிக்கிழமை வருகைப் பதிவைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். மில்லில் மூன்று ஷிப்ட்: பகல், அரை நைட், முழு நைட். முழு நைட் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். காலண்டரில் தேதி மாறியிருக்கும், மில்லில் மாறாது. காலை எட்டு மணிக்குத்தான் மில்லுக்கு அடுத்த நாள். சனிக்கிழமை முழு நைட் பார்த்தவர்கள் அத்தனை பேரையும் அந்த மென்பொருள் ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் வேலை செய்ததாக எடுத்து, இரட்டைச் சம்பளம் போட்டுவிட்டது. நான் சிரித்துவிட்டேன். சார் என்னை முறைத்தார்.

"இங்க மில்லுக்குன்னு தனித் தேதி இருக்கு தம்பி. அது எங்க கூடைக்குத் தெரியும்" என்றேன். ஹர்ஷா குறித்துக்கொண்டான். மனசுக்கு நிறைவான நாள்.

ஜூன் 7, சனி

பக்ரீத். நசீமா லீவு. மில் தேதியைப் பற்றியே அறிக்கையில் நான்கு பக்கம் வந்துவிட்டது. நடுவில் ரூத் இரண்டு முறை கூப்பிட்டாள். நாளை பேச வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

நசீமா எல்லோருக்கும் பிரியாணி கொண்டுவந்தாள். இவளைப் பற்றி எழுதவில்லை. எங்களிடம் ஆறு வருடம். நாங்கள் எழுதுவதைச் சோதித்துப் பார்ப்பதும் மில்களோடு போனில் பேசுவதும் அவள் வேலை. கரும்புக்கடைப் பக்கமிருந்து ஸ்கூட்டரில் வருவாள். எந்த மில்லில் எந்தக் கிளார்க்குக்குச் சர்க்கரை நோய் என்பதுவரை தெரியும். கூடையைப் படித்துப் பார்க்க அவளுக்கு அனுமதி உண்டு. மாற்றும் உரிமை என்னிடம் மட்டும். பல கை பட்டால் குழம்பிப் போகும்.

ரூத்தை மாவட்ட த்ரோபால் அணிக்கு எடுத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பியூலா சொல்லித் தெரிந்தது. நல்ல விஷயம்.

ஜூன் 11, புதன்

ஹர்ஷாவிடமிருந்து மெயில். நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேட்கும் ஒரு கட்டம் அதில் ஏற்கெனவே இருக்கிறதாம். எட்டு என்று போட்டால் முடிந்தது. போட்டு அனுப்பியிருக்கிறான். ஓட்டிப் பார்த்தேன். சரியாக வருகிறது.

எழுதிய நான்கு பக்கத்தையும் அழித்தேன். அந்தக் கட்டத்தைச் செய்தவன் பீளமேட்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். வேறு எங்கோ ஏதோ தொழிற்சாலையில் இதே தொல்லை வந்து யாரோ முறையிட்டிருக்க வேண்டும். விலைக்கு வாங்குவதில் உள்ள வசதி இது. நமக்கு முன்னால் பல பேர் இடித்துக்கொண்டு சரி செய்து வைத்திருக்கிறார்கள். நியாயமாக இதையும் குறிப்பில் எழுத வேண்டும். எழுதினேன்.

இரவு வெறும் தயிர்சாதம்.

ஜூன் 14, சனி

இன்று தூத்துக்குடி போக டிக்கெட் எடுத்திருந்தேன். மதியம் உடுமலை மில்லிலிருந்து போன், வருகைப் பதிவு எதுவும் வந்து சேரவில்லை என்று. நானே கிளம்பினேன். போய்ப் பார்த்தால் யாரோ மிக்ஸி போடுவதற்காக வருகைப் பதிவுக் கருவியின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

"நான் போன்லயே கேட்டுருப்பேனுங்க சார், வயரைப் பாருங்கன்னு" என்றாள் நசீமா. இருக்கலாம். ஆனால் வேறு ஏதாவதாக இருந்திருந்தால்?

பியூலாவிடம் வர முடியவில்லை என்றேன். "சரி" என்றாள். முன்பெல்லாம் கோபித்துக்கொள்வாள், எனக்கும் பதில் சொல்ல ஏதாவது இருக்கும். இப்போது வெறும் சரி.

ஜூன் 19, வியாழன்

நசீமா கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். "சார், இங்க வருஷத்துல ஒரே ஒரு நாளைக்கு மட்டும் அரை நைட்டை அடைச்சிட்டு சம்பளத்தை மட்டும் விட்டுருக்கீங்களே, எதுக்குங்க?"

"ஆயுத பூஜை. பூஜை முடிஞ்சா மெஷினைத் தொட மாட்டாங்க. சம்பளம் உண்டு."

"அதை இங்கயே ஒரு வரி எழுதி வச்சா என்னங்க சார்?"

"என்கிட்ட கேட்டாப் போச்சு."

"கேக்கறதுக்கு நீங்க இருக்கணுமே சார்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு என்னவோ ஆடிட்டர் குரல் மாதிரிக் கேட்டது. நான் எங்கே போய்விடப் போகிறேன் என்று கேட்டுவிட்டு டீ குடிக்கக் கீழே போனேன்.

ஜூன் 27, வெள்ளி

இரண்டு வாரமாக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பெங்களூர் சரக்கில் நமக்கு வேண்டியது பாதி. வேண்டாதது அதைப் போல மூன்று மடங்கு. அவர்கள் புதுப் பதிப்பு விடும்போதெல்லாம் நாமும் எழுந்து ஓட வேண்டும். மில்காரர் கேட்கும் சின்ன மாற்றத்துக்குக்கூட இதில் இடம் உண்டா என்று அவர்களைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் வேலைக்குப் புதிதாக வருகிறவன் கல்லூரியிலேயே அதைப் படித்துவிட்டு வருவான். கூடையை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

கூடையில் தேவைக்கு மேல் ஒரு வரி இல்லை. ஒவ்வொன்றும் எந்த மில்லின் எந்தச் சண்டையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். படிக்கும்போது முகங்கள் தெரிகின்றன. இதை அறிக்கையில் எப்படி எழுதுவது?

ஜூலை 2, புதன்

உடம்பு வலி. ஜூன் சம்பளம் ஏழாம் தேதி போட வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு போனேன்.

ஜூலை 3, வியாழன்

காய்ச்சல். போகவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பியூலாவும் ரூத்தும் வந்துவிட்டார்கள். நசீமா சொன்னாளாம். டைபாய்டு என்கிறார் டாக்டர். பியூலா போனை வாங்கி அணைத்துவிட்டாள். பல்லடம் மில் கணக்கைக் கையால் திருத்த வேண்டும் என்றேன். யாரும் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

எழுந்து உட்கார முடிகிறது. சம்பள நாள் போய்விட்டது. எந்த மில்லும் எரியவில்லை என்று பியூலா சொன்னாள்.

நேற்று கஞ்சி கொடுத்துக்கொண்டே அவள் கேட்டதை எழுதி வைக்கிறேன். "ரூத்துக்கு இது பத்தாம் வகுப்பு. நீங்க வாறீங்களா இல்லையான்னு இனி நான் கேக்க மாட்டேன். இந்த ஒரு தடவை கேக்கேன், யோசிச்சுச் சொல்லுங்க."

"கூடைக்கு ஆள் வேணுமே பியூலா" என்றேன்.

"உங்க கூடைக்கு நீங்க வேணும்னு நீங்கதான சொல்லுறீங்க. அது சொல்லுச்சா?"

காய்ச்சலில் இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது! அவள் சிரிக்கவில்லை. ரூத் என் போனில் த்ரோபால் படங்களை ஏற்றிவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இன்று மாலை பஸ்ஸில் இருவரும் கிளம்பினார்கள். பியூலாவுக்கு வங்கியில் அதற்கு மேல் லீவு இல்லை.

ஜூலை 10, வியாழன்

அலுவலகம் போனேன். கூடையில் கை வைத்திருக்கிறார்கள்!

பல்லடம் மில்லில் மின்தடை வந்தால் அன்று லீவு விட்டு, ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாக்குவார்கள். கூடைக்கு அது புரியாது. ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதிக்கு முன்னால் நான் உட்கார்ந்து ஆள் ஆளாகத் திருத்துவேன். முறையாக எழுத வேண்டும் என்று நினைத்ததுண்டு, நேரம் கிடைக்கவில்லை. இந்த முறை நான் படுத்திருந்தேன். சார், அவசரத்துக்கென்று நான் அவரிடம் கொடுத்து வைத்திருந்த கடவுச்சொல்லை நசீமாவிடம் கொடுத்திருக்கிறார். அவள் இந்த மாற்று ஞாயிற்றைக் கூடைக்குள்ளேயே எழுதிவிட்டாள்.

"என்னைக் கேக்காம எப்படிம்மா?"

"உங்களைத்தான் கேக்கலாம்னு இருந்தோம் சார். உங்க வீட்டம்மா போனைக் குடுக்கலை" என்றாள். பயந்த மாதிரியே தெரியவில்லை.

ஜூலை 12, சனி

இரண்டு நாளாக அவள் எழுதியதில் ஓட்டை தேடினேன். இருபது வித மாதங்களைக் கொடுத்து ஓட்டினேன். அரை நைட், முழு நைட், தொடர்ந்து இரண்டு மின்தடை, பண்டிகையோடு வரும் மின்தடை. உடையவில்லை. ஒரு இடத்தில் நான் வைத்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பேன். அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மேலே ஏன் இப்படி என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாள். படித்தால் யாருக்கும் புரியும். நான் எழுதிய பகுதிகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கே இரண்டு இடம் விளங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். ராஜபாளையம் ஆடிட்டர் இரண்டில் ஒன்று கேட்கிறாராம். பெங்களூர் சரக்குக்கு மாறினால் உடனே கையெழுத்து. இல்லை, சொந்தமாக எழுதியதையே வைத்துக்கொள்வது என்றால், எழுதியவர் ஊரிலேயே இல்லாமல், போனும் எடுக்காமல், ஒரு சம்பள வாரம் முழுக்க நடத்திக் காட்ட வேண்டும்.

"காய்ச்சல்ல படுத்திருந்ததை அவர் ஒத்துக்க மாட்டாராங்க?"

"அது தப்பிச்ச மாதிரிங்கறார். தயார் பண்ணிச் செய்யணும்ங்கறார்."

பிறகு சொன்னார். "மாறறதுன்னா எல்லா மில்லையும் மாத்தி முடிக்க ரெண்டு வருஷமாவது ஆகும். நீங்க இல்லாம அது நடக்காது குணா. உங்களை டைரக்டர்னே போட்டுடறேன். உங்க அறிக்கை எப்படி வருதோ அப்படி."

வீட்டுக்கு வந்து அறிக்கையை முடித்தேன். பெங்களூர் சரக்கையே வாங்கலாம் என்று எழுதியிருக்கிறேன். பாதுகாப்பு, பராமரிப்பு, ஆள் கிடைக்கும் வசதி எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, மிக நடுநிலையாக வந்திருக்கிறது. எனக்கே ஆச்சரியம். பதின்மூன்று வருடப் பாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதியிருக்கிறேன். இதற்கு ஒரு மனசு வேண்டும்.

பியூலாவுக்குப் போன் செய்து, ரெண்டு வருஷத்துக்கு இங்கே பெரிய வேலை வரும்போல இருக்கிறது என்றேன். "சரி" என்றாள்.

ஜூலை 16, புதன்

சரிபார்க்கச் சொல்லி அறிக்கையை நசீமாவிடம் கொடுத்திருந்தேன். மதியம் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக நின்றுகொண்டுதான் பேசுவாள்.

"சார், போன மாசம் வரைக்கும் இந்த ஃப்ரேம்வொர்க்கைத் திட்டாம நீங்க டீ குடிச்சதில்லை."

"இப்ப அலசிப் பார்த்துட்டு எழுதியிருக்கேன்."

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க சார். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அதை வாங்கினா ரெண்டு வருஷத்துக்கு நீங்க இல்லாம ஆகாது. கூடை இருந்தா, எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு நீங்க ஒதுங்கணும். அதனாலதானே இப்படி எழுதினீங்க?"

நான் என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உன் வேலை சோதித்துப் பார்ப்பது, அதைப் பார் என்றேன்.

"அதைத்தான் சார் பார்த்தேன்" என்றாள்.  "ஆறு வருஷமா உங்க கூடையை வெளிய நின்னே படிச்சுட்டிருக்கேன். ஒரு வரி தொட விட்டதில்லை நீங்க. காய்ச்சல் வந்ததாலதான் தொட்டேன். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அதுவும் சொல்லலை. இப்ப யாருக்கும் இல்லாமத் தூக்கிப் போடலாம்ங்கறீங்க."

எழுந்து போய்விட்டாள். சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்கவில்லை. நான் வெகுநேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அழுகை வந்தது.

ஜூலை 17, வியாழன்

காலையில் நசீமாவிடம் போய், பல்லடத்துக்கு அவள் எழுதியது நன்றாக இருக்கிறது, நான் எழுதியிருந்தால் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது என்றேன். "சரிங்க சார்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த இடம் நல்லா இருக்குங்க?" என்று கேட்டாள். காட்டினேன்.

பெங்களூர் சரக்கை வாங்கலாம் என்று எழுதிய அறிக்கையைக் கொடுக்கப் போவதில்லை என்று சாரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏனுங்க குணா, டைரக்டர் வேண்டாமா?"

"கூடையில இருக்கிற ஒரே குறை நான்தாங்க. அதுக்காக அதை மாத்த வேண்டியதில்லை. ஜூலை மாசச் சம்பளத்தை நான் இல்லாம நசீமா போடட்டும். நான் தூத்துக்குடில இருக்கேன்."

"தப்பாப் போச்சுன்னா ராஜபாளையமும் போகும், மத்த மில்காரங்களும் கேள்வி கேப்பாங்க."

"தெரியுமுங்க."

"நல்லபடியா முடிஞ்சா? நீங்க?"

ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு லீவுச் சீட்டு எழுதி அவர் மேஜையில் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 21, திங்கள்

கூடையைத் திறந்து ஒவ்வொன்றாக நசீமாவுக்கு விளக்குகிறேன். ஏன் என்று கேட்கிறாள். பத்தில் மூன்றுக்கு, அன்றைக்கு அப்படித் தோன்றியது என்பதைத் தவிர எனக்குப் பதில் இல்லை. அவற்றை அடித்துவிட்டு எளிதாக எழுதுகிறாள். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்று அவளுக்கு முன்னால் நானே ஒன்றை அடித்தேன்.

ஜூலை 26, சனி

வீட்டில் செய்தது, வீட்டில் செய்தது என்று இத்தனை நாள் பெருமை பேசினேன். வீட்டில் வேறு யாரையும் அடுப்படிக்குள் விடவே இல்லை. பெங்களூர் சரக்கை எழுதிய நூறு பேர் எனக்கு அந்நியர்கள் என்று குறை சொன்னேன். கூடையை எழுதிய ஒருவன் மற்ற எல்லோருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறான். வாங்குவதா செய்வதா என்று சார் கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் பத்துப் பேர் தொட்டுத் திருத்த முடிந்தால்தான் செய்ததற்கு அர்த்தம். இதைத்தான் அறிக்கையின் கடைசிப் பத்தியாக எழுதியிருக்கிறேன், அடுப்படியை விட்டுவிட்டு.

ஜூலை 31, வியாழன்

மாற்றும் உரிமையை நசீமா பெயருக்கு எழுதிவிட்டு என் பெயரை எடுத்தேன். ஒரு பொத்தான்தான். உறுதியாகவா என்று கணினி கேட்டது. இதைக் கேட்க வைத்தவனும் நானே.

ஆகஸ்ட் 2, சனி

தூத்துக்குடி. ரூத்தின் ஆட்டம் பார்த்தேன். தோற்றார்கள். என்னைப் பார்த்ததும் அணியிலிருந்த எல்லாப் பெண்களிடமும், "எங்கப்பா, கோயம்புத்தூர்லருந்து வந்திருக்காங்க" என்று சொன்னாள். உறவினரை அறிமுகப்படுத்துவது மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயிலில் ஆராதனை, பிறகு மீன் மார்க்கெட். எனக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியவில்லை என்று பியூலா சிரித்தாள். போன் அவளிடம் இல்லை, என்னிடமே இருக்கிறது. ஆடிட்டர் சொன்னபடி அணைத்து வைத்திருக்கிறேன். நானாக அணைத்தது, அதனால் கஷ்டம் அதிகம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றைக்கு அலுவலகத்தில் மில் கணக்குகளை வாங்கத் தொடங்கியிருப்பார்கள். ரூத்துக்கு வட்டத்தின் தேற்றம் ஒன்றைச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்து, நடுவில் நின்றுபோனேன். "அப்பா, நீங்க இங்கதான் இருக்கீங்களா?" என்றாள்.

ஏதாவது உடைய வேண்டும் என்று மனதின் ஒரு மூலை வேண்டிக்கொள்கிறது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாலை ஆறு மணிக்கு மேல் போனைப் போடலாம் என்பது பேச்சு. ஆறு அடித்ததும் போட்டேன். யாரும் கூப்பிட்டதாக ஒரு செய்திகூட இல்லை. நானே கூப்பிட்டேன்.

"எல்லா மில்லுக்கும் சம்பளம் போயிருச்சுங்க சார்" என்றாள் நசீமா. பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம், தட்டுகளின் சத்தம். "ராஜபாளையம் ஆடிட்டர் கூடவே உட்கார்ந்து பார்த்தாருங்க. வரதராஜுலு சார் போண்டா வாங்கிக் குடுத்தாரு."

"ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

கொஞ்சம் தயங்கினாள். "ஒரு இடம் இருந்துச்சுங்க சார். உடுமலை மில் ஹாஸ்டல் பொண்ணுங்களுக்குச் சாப்பாட்டுப் பணம். மாசம் முழுக்கப் பிடிக்கணும்னு நீங்க சொல்லிட்டுப் போனீங்க. ஜூலைலருந்து ஊருக்குப் போன நாளுக்குப் பிடிக்கறதில்லைன்னு ஜூன்லயே சொல்லிட்டாங்களாம். உங்களுக்கு மெயில் போட்டிருக்காங்க."

போட்டிருந்தார்கள். இப்போது ஞாபகம் வருகிறது. உடுமலைக்காரர்கள்தானே, மனசில் வைத்துக்கொள்வோம் என்று விட்டேன். பிறகு காய்ச்சல். பிறகு கூடையை விளக்குகிற மும்முரத்தில் அது அடியோடு மறந்தே போனது.

"நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கண்டுபிடிக்கலைங்க சார். ஓட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மில்லுக்கும் போன் பண்ணி, இந்த மாசம் ஏதாச்சும் மாத்தினீங்களான்னு கேட்டேன். வார்டன் அம்மா சொன்னாங்க. ஆடிக்கு நிறையப் பொண்ணுங்க ஊருக்குப் போயிருந்தாங்களாம். எல்லாருக்கும் சரியாப் போயிருச்சு."

நான் அங்கே இருந்திருந்தால் யாரையும் கேட்டிருக்க மாட்டேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அந்தப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் பிடித்திருப்பேன். நன்றி என்று நசீமாவிடம் சொன்னேன். "நீங்க லீவுல இருங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். போண்டா ஆறிவிடும் அல்லவா.

வெளியே வந்தேன். பியூலா வங்கியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். "என்ன ஆச்சு?"

"கூடை நிக்குது. நான் இருந்திருந்தாத்தான் தப்பாப் போயிருக்கும்."

"அப்ப அங்க உங்களுக்கு என்ன வேலை?"

இரண்டு வருடமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் உடனுக்குடன் பதில் இருந்தது. இன்று தேடிப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லை" என்றேன்.  இனி ராஜபாளையம் மில்களை நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம், சாரிடம் கேட்கிறேன் என்றும் சொன்னேன். "சார் குடுக்கலைன்னாலும் வர்றேன்" என்றேன்.

அவள் சரி என்று சொல்லவில்லை.  கைப்பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, கீழ்த்தட்டிலிருந்து ரூத்தின் பழைய சீருடைகளையும் போன வருடப் புத்தகங்களையும் எடுத்து வெளியே அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

"இது போதுமா உங்களுக்கு?" என்றாள்.

வந்த நாளிலிருந்து என் சட்டைகள் பையிலேயே இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போதும் என்றேன். பையை எடுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சட்டையாக மடித்து வைத்தேன். கீழ்த்தட்டு, தினமும் குனிந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.